ரெண்டு சுத்தா, மூணு சுத்தா

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கணக்கெடுப்புக்குன்னு இந்த வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குதிய, மொதல்ல மோரைக் குடிங்க. பேரு எழுதிக்கிட்டியளா? ஞானதீபம். வயசு அம்பத்தெட்டு. ஊர்ல கேட்டா அறுபத்திரெண்டும்பாவ, அதை எழுதிராதீங்க. இன்னொருத்தி தங்கபுஷ்பம். என் கொழுந்தன் பொண்டாட்டி. பின்னால கோழிக்கு இரை போட்டுக்கிட்டு நிக்கா. ரெண்டு பேருக்கும் வீட்டுக்காரவிய போய்ச் சேந்தாச்சு, பிள்ளைய எல்லாம் பொழைப்பு பாத்து வெளியூர் போயாச்சு. இந்த வீட்டுக்கு நாங்க ரெண்டு பேருதான்.

என்ன கேட்டிய? ஒரே சமையலா, தனித்தனியான்னா?

அடியாத்தீ, இந்தக் கேள்வி உங்க தாள்லயே இருக்கா? சும்மா கேக்கல்லியே? அப்போ பேனாவை மூடி வைங்க. நீங்க பங்குனி மாசம் வந்திருந்தா தனித்தனின்னு எழுதிட்டுப் போயிருப்பிய. அப்போ நான் சபையை விட்டு விலக்கப்பட்டவ. ஆமா டீச்சர், என்னையத்தான். நம்ப முடியல்லியா? எனக்கே இன்னும் நம்ப முடியல.

எங்க சபை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குப் பேரே கிடையாது. பேரு வைக்கதே பெருமைன்னு, இப்போ சபையை நடத்துத யோபு மூப்பரோட அப்பா அந்தக் காலத்துலயே வேண்டாம்னுட்டாவ. ஊர்ல தட்டிச் சபைம்பாவ, ஆரம்பத்துல தட்டி வச்சு மறைச்ச கொட்டகையா இருந்துச்சு, அதான். மொத்தம் முப்பத்திரெண்டு பேரு. கட்டுப்பாடுன்னா அப்படி ஒரு கட்டுப்பாடு. தங்கம் ஆகாது, பூ ஆகாது. இவ பேரைப் பாருங்க, தங்கமும் இருக்கு, புஷ்பமும் இருக்கு! ஞானஸ்நானத்துல வேற பேரு வச்சாவ, ஒருத்தர் வாயிலயும் நிக்கல. சினிமா ஆகாது, மேளம் ஆகாது, ஆட்டம் ஆகவே ஆகாது. டிவி வீட்டுல வைக்கவும் கூடாது, வேற எங்கேயும் நின்னு பாக்கவும் கூடாது.

நான் பாக்க மாட்டேன் டீச்சர். கண்ணெடுத்துப் பாக்க மாட்டேன். பக்கத்து வீட்டு சரோஜா மாட்டுக்குக் கழனித்தண்ணி கொண்டு ஊத்துவேன், அந்த மாடு ஏழரை மணிக்குத்தான் குடிக்கும், அவ வீட்டு ஜன்னலும் அங்கனதான் இருக்கு, அதுக்கு நான் என்ன செய்ய? காதை அடைக்கவா முடியும்? நகைப்பெட்டியை ஒளிச்சு வச்சுட்டு மாமியா மேல பழியைப் போட்டாள்லா அந்த மூத்த மருமக, நீலக்கலர் ஜாக்கெட்டுக்காரி, அவளையெல்லாம் நான் திரும்பிக்கூடப் பாத்தது கிடையாது.

சரி, விஷயத்துக்கு வாரேன். தை மாசக் கடைசியில டவுன்ல மகளிர் குழுவுல பலகாரப் போட்டி வச்சாவ. என் கருப்பட்டிப் பணியாரம் மாதிரி இந்த வட்டாரத்துல யாருக்கும் வராது. பெருமைக்குச் சொல்லல, பெருமையும் எங்க சபையில ஆகாது. உள்ளதைச் சொல்லுதேன். போனேன், சுட்டேன், ரெண்டாம் பரிசு குடுத்தாவ. மொதப் பரிசு வாங்கினவ சோடா உப்பு போட்டிருந்தா. ஒரு கடியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ருசி பாக்க வந்த பெரிய மனுசங்களுக்குத் தெரியல. போட்டும்.

பரிசு வாங்க மேடையில ஏத்தி விட்டாவ. அதுவரைக்கும் ஒரு மணி நேரமா காலை மடக்கிக் கீழே உக்காந்திருந்தேன், காலு ரெண்டும் மரத்துக் கிடக்கு. அந்த நேரம் பாத்து மேளக்காரன் தவிலை உருட்டுதான். நான் காலை உதறுனேன். அவ்வளவுதான் டீச்சர்! மரத்த காலை உதறாம எப்படிப் படியிறங்க? தாளம் அதுபாட்டுக்கு வந்து சேந்துக்கிட்டு. கீழே இருந்த பொம்பளைய எல்லாம் கை தட்டுனாவ, எதுக்குத் தட்டுனாவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அதை ஒரு லோக்கல் கேபிள்காரன் படம் பிடிச்சுட்டான். சனிக்கிழமை சாயங்காலம் டிவியில போட்டுட்டான்.

எனக்கு எங்க தெரியும்? ஞாயித்துக்கிழமை வழக்கம்போலக் கூடுகைக்குப் போறேன், ஒருத்தர் வாயிலயும் ஸ்தோத்திரம் வரல. எல்லாரும் தரையைப் பாக்காவ. கூடுகை முடியிற நேரத்துல யோபு மூப்பர் எழும்பி நின்னு, "சகோதரி ஞானதீபம் ஊரறிய மேடையேறி ஆடினாங்க. மனந்திரும்புற வரைக்கும் அவங்க நம்ம ஐக்கியத்துக்கு வெளியே"ன்னு சொல்லிட்டாவ. நல்ல மனுசன்தான். சொல்லும்போது குரல் நடுங்கிச்சு. எனக்குத்தான் நடுங்கல. "நான் ஆடல, காலை உதறுனேன்"னு சத்தமாச் சொன்னேன். "பாத்தியளா, மனந்திரும்பல"ன்னு மூப்பர் பொஞ்சாதி லில்லிபாய் பக்கத்துல இருந்தவகிட்ட சொல்லுதா.

விலக்குன்னா எப்படின்னு கேளுங்க. கூடுகைக்கு வரலாம், ஆனா கடைசி பெஞ்சுதான், செருப்புக் குவியலை ஒட்டினாப்புல. திருவிருந்து அப்பமும் திராட்சை ரசமும் வரும், என்னைத் தாண்டிப் போயிரும். யாரும் என்கிட்ட பேசக் கூடாது. யாரும் என்னோட சேந்து சாப்பிடக் கூடாது.

பேசாட்டிப் போங்க! முப்பது பேரு பேசாம இருந்தா எனக்கு நிம்மதிதான். கடைசி பெஞ்சுல உக்காந்து பாட்டுல எல்லாருக்கும் மேல சத்தம் குடுத்தேன். பாடக் கூடாதுன்னு எங்கேயும் எழுதல, என்ன செய்வாவ? ஆனா சேந்து சாப்பிடக் கூடாதுன்னுட்டாவ பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை. எங்களுக்கு அடுப்பு ஒண்ணுதான் டீச்சர். இருபத்தாறு வருசமா ஒண்ணுதான்.

கொஞ்சம் இப்படிக் கிட்ட வாங்க, இவ காது மட்டும் நல்லாக் கேக்கும். இவளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மொதல்ல சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் ஆபரேசன்னு டாக்டர் நிறுத்தி வச்சிருக்காரு. மூக்குக்கிட்ட கொண்டு போனாத்தான் எதுவும் தெரியும். முத்தத்துல நிக்கது ஆடா கன்னுக்குட்டியான்னு என்கிட்ட கேப்பா. அதனால அடுப்படி என் பொறுப்பு. நான் வைப்பேன், அவ பக்கத்துல உக்காந்து உள்ளி உரிப்பா, ரெண்டு பேரும் சாப்பிடுவோம்.

பொய்யின்னா என்னன்னு தெரியாது அவளுக்கு. ஜெபத்துக்கு நடுவுல தூங்கிட்டேன்னு அவளே சபையில எழும்பி நின்னு சொல்லுவா. யாராவது கேட்டாவளா? அப்பேர்ப்பட்டவ மூப்பர் சொல்லை மீறுவாளா? அன்னைக்கு மத்தியானமே அழுதுக்கிட்டே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை முன்னறையில கொண்டு வச்சுட்டா. அதுக்கு மேல அவ மருமக குடுத்த ரெண்டு பாத்திரம். தனிச் சமையல்.

என்னத்தைச் சமைச்சா, போங்க. உப்புன்னு சீனியைப் போட்டா. பருப்பு அடிப் பிடிச்சு வீடெல்லாம் நாறும். நான் இங்கன உக்காந்து வெந்தயக் குழம்பும் சோறுமா வச்சிருக்கேன், ஒரு கவளம் இறங்க மாட்டேங்கு. என்கிட்ட பேசக் கூடாதுல்லா, அதனால கோழிகிட்ட பேசுவா. "ஏ கோழி, இன்னைக்குத் தண்ணி வண்டி வரும்னு அக்காவுக்குத் தெரியுமோ என்னமோ." நான் இந்தப் பக்கமா நின்னு, "ஏ கோழி, தெரியும்னு சொல்லு. மாத்திரை போட்டாளான்னும் கேளு"ம்பேன். அந்தக் கோழி பாவம், ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கியிருக்கும். ஒரு நாளு கோழின்னு நெனச்சுக் கவுத்தி வச்ச கூடைகிட்ட கால் மணி நேரமாப் பேசிக்கிட்டு இருக்கா! சிரிப்பு வந்துச்சு. அப்புறம் உள்ள போய் அழுதேன். சிரிச்ச வாயோடதான் அழுதேன், பொய் சொல்லல.

ஏழாவது வாரம் கையைச் சுட்டுக்கிட்டா. கஞ்சியை வடிக்கேன்னு முழங்கை வரைக்கும் ஊத்திக்கிட்டா. சத்தம் கேட்டு ஓடுனேன். விலக்காவது, மண்ணாங்கட்டியாவது! தண்ணியில கையை முக்கி வச்சேன். கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்கி. அப்பவும் என்கிட்ட பேசல டீச்சர், பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஏ கோழி, அக்காவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லு"ங்கா. கோழி அந்த இடத்துலயே கிடையாது.

என் வீம்பெல்லாம் அன்னைக்கே போயிட்டு. நான் கோவக்காரி கிடையாது, ஊர்ல அப்படிச் சொல்லுவாவ, நம்பாதீங்க. நேரா யோபு மூப்பர் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னே சொன்னேன், "மூப்பரே, நான் ஆடினேன்னே வச்சுக்கிடுங்க. சபையில சொல்லிருதேன். சேத்துக்கிடுங்க." அவிய கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "நல்லது சகோதரி. சபை முன்னாடி பாவ அறிக்கை செய்யுங்க. அதுக்கு அப்புறம் ஆறு மாசம் பின் பெஞ்சு. அதுதான் ஒழுங்கு"ன்னாவ. ஆறு மாசம்! "அந்தச் சிறுக்கி ஆறு மாசம் ஸ்டவ்வுகிட்ட நின்னா ஆளே மிஞ்ச மாட்டாளே"ன்னேன். "என் கையில என்ன இருக்கு? ஒழுங்குல உள்ளதைத்தான் நான் செய்ய முடியும்"ன்னாவ.

ஒழுங்கு, ஒழுங்குன்னு சொன்னாவல்லா, அதுதான் எனக்குப் பொறி தட்டிச்சு. அந்தச் சபை ஒழுங்கு நோட்டு பழசாகிக் கிழிஞ்சப்போ புதுசா நகல் எழுதிக் குடுத்தது யாரு? எங்க வீட்டுக்காரவிய! கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எழுதிப் பாத்த தாளெல்லாம் பெட்டியில அப்படியே கிடக்கு. எடுத்து விரிச்சு ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் படிச்சேன். பதினோராவது ஒழுங்கு. ஒருத்தரை விலக்கணும்னா, கண்ணால பாத்தவங்க ரெண்டு பேரு சபை நடுவுல எழும்பி நின்னு சொல்லணும். காதுல விழுந்ததெல்லாம் செல்லாது. எனக்கு யாராவது எழும்பி நின்னாவளா? ஒருத்தரும் நிக்கல! ஊருக்கே தெரியும்னு விட்டுட்டாவ.

அந்த ஞாயித்துக்கிழமை கூடுகையில சாட்சி நேரம் வந்துச்சு. யாரு வேணும்னாலும் எழும்பி ஆண்டவர் செஞ்சதைச் சொல்லுவோம், அதுக்குப் பேரு சாட்சி நேரம். விலக்கப்பட்டவங்க எழும்பினா அறிக்கை செய்யத்தான் எழும்பணும். நான் எழும்புனேன். எல்லாருக்கும் சந்தோசம். லில்லிபாய் கண்ணைத் துடைக்கத் துண்டையே எடுத்துட்டா.

"மூப்பரே, பதினோராவது ஒழுங்குப்படி நான் ஆடினதைக் கண்ணால பாத்த ரெண்டு பேரு எழும்பட்டும். எழும்பிட்டா நான் ஆறு மாசமில்ல, ஆறு வருசம் இந்த பெஞ்சுல இருக்கேன்."

மூப்பர் நோட்டைப் புரட்டுனாவ. பாத்தாவ. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தாவ. "சரிதான். யாராவது ரெண்டு பேரு எழும்புங்க"ன்னாவ.

ஒருத்தரும் எழும்பல. எழும்ப முடியாதுல்லா டீச்சர்? டவுனுக்கு அன்னைக்கு எங்க சபையில இருந்து என்னையத் தவிர யாரும் வரல. பாத்திருந்தா டிவியிலதான் பாத்திருக்கணும்! டைலர் தேவபிச்சை உக்காந்தமேனிக்கே, "கேள்விப்பட்டோம்"ங்காரு. "யாரு சொல்லி?"ன்னேன். "வீட்டுல சொன்னா." அவரு பொஞ்சாதியைக் கேட்டா, பால்காரம்மா சொன்னாளாம். பால்காரம்மா எங்க சபையே கிடையாது.

நான் விட்டேனா? "அப்போ நானே சொல்லுதேன், கேளுங்க. பரிசை வாங்குனேன். காலு மரத்துக் கிடந்துச்சு. ஒரே ஒரு தடவை, இந்தா, இப்படி உதறுனேன். இறங்கிட்டேன்."

லில்லிபாய்க்குப் பொறுக்கல. "ஒரு தடவையா? அநியாயம்! மூணு சுத்து சுத்துனிய!"

"மூணு இல்லக்கா, ரெண்டு"ங்காரு தேவபிச்சை. "ரெண்டாவது சுத்து முடியறப்போ விளம்பரம் வந்துட்டு."

"அது சனிக்கிழமை போட்டதுல"ன்னு ஜன்னலோரத்துல இருந்து ஒரு குரல். "திங்கக்கிழமை மறுபடி போட்டதுல விளம்பரம் இல்ல. மூணுதான். கடைசியில கையையும் தூக்குனாவ."

"கையைத் தூக்கல, சேலைத் தலைப்பைச் சரி பண்ணுனாவ"ன்னு இன்னொருத்தி எனக்குப் பரிஞ்சு பேசுதா!

ரெண்டா மூணான்னு ஒரு நிமிசம் பெரிய வாக்குவாதம். அப்புறம் டிவி பாத்ததை வாயாலயே ஒத்துக்கிட்டோம்னு உறைச்சு, ஒவ்வொருத்தரா நிறுத்துனாவ பாருங்க! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல, முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டேன்.

யோபு மூப்பர் நோட்டை மூடுனாவ. அப்புறம் மெல்ல, "டிவி பாத்தவங்களுக்கு ஒழுங்குல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்"ன்னாவ. மொதல்ல தேவபிச்சை எழும்பி வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. அப்புறம் அவரு பொஞ்சாதி. லில்லிபாய் அந்தத் துண்டோடயே வந்தா. முன்னால இருந்து ஒவ்வொரு பெஞ்சா காலியாகுது. இடம் பத்தாமச் செருப்பைத் தள்ளி விட்டுட்டுத் தரையில உக்காருதாவ. கடைசியில மூப்பரே நோட்டை மேசையில வச்சுட்டு வந்து, "டீக்கடையில பார்சலுக்கு நின்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நின்னேன். பூராவும் குனியல"ன்னு சொல்லிட்டு பெஞ்சு ஓரத்துல உக்காந்தாவ. அவிய உக்காந்ததும் பெஞ்சுக்கு ஒரு கால் படக்குன்னு போச்சு. இன்னும் சரி பண்ணல.

நான் ஜெயிச்சுட்டேன்னு நிமிந்து பாக்கேன் டீச்சர். முன்னால மொத வரிசையில ஒத்தையா இவ மட்டும் இருக்கா. தங்கபுஷ்பம். கையில கட்டோட.

யோசிச்சுப் பாருங்க, சபையில சுத்தமா மிஞ்சினது அவ ஒருத்திதான். நாங்க முப்பத்தியொரு பேரும் வெளியே. அப்போ அவ யாரோட பேசுவா? யாரோட சாப்பிடுவா? என் புத்திசாலித்தனத்துல ஊரையே என் பக்கம் இழுத்துட்டு, யாருக்காக இழுத்தேனோ அவளை அங்கன தனியா உக்கார வச்சுட்டேனே!

இவ மெதுவா எழும்புனா. பெஞ்சைத் தடவித் தடவி நடந்து வந்தா. நடுவுல நின்னு, யாரு எங்க இருக்கான்னு தெரியாம, சுவத்தைப் பாத்துச் சொல்லுதா:

"நானும் பாத்தேன்."

முத்தத்துல நிக்க ஆட்டைப் பாக்க முடியாதவ அவன்னு முப்பது பேருக்கும் தெரியும். பொய்யே சொல்லத் தெரியாதவன்னும் தெரியும். இவ தடவிக்கிட்டே வந்து என் தோளைப் பிடிச்சுத் தரையில உக்காந்து, அம்பது நாளுக்கு அப்புறம் என்கிட்ட நேராப் பேசுனா. "அக்கா, பசிக்கி."

நான் அழுதேன் டீச்சர். ஏங்கி ஏங்கி அழுதேன். அங்கன யாரு அழல?

மூப்பர் அப்படியே முழங்கால் போட்டாவ, நாங்களும் போட்டோம். நீளமா ஒரு ஜெபம். எழும்பினதும், "வெளியே தள்ளுறதுக்கு உள்ள யாராவது இருக்கணும்லா. ஒருத்தரும் இல்ல. எல்லாரும் முன்னால வாங்க"ன்னாவ. அவ்வளவுதான். அப்பம் தட்டு சுத்தி வந்துச்சு, என்கிட்டயும் நின்னுச்சு. மத்தியானம் சபைக்கே நான்தான் பணியாரம் சுட்டேன். லில்லிபாய் ஒன்பது தின்னா. எண்ணல, கண்ணுல பட்டுச்சு.

அந்த ஸ்டவ்வை அன்னைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போட்டேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, இதை எழுதாதீங்க. மறுநாளு இவகிட்ட கேட்டேன், "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்னே? நீ எங்க டிவி பாத்தே?"ன்னு. பின்னால போய்க் கோழிகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கா. "ஏ கோழி, ஊரே பாத்துருக்கு, அக்கா அவ்வளவு நல்லா ஆடுனாளாம். எனக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல."

நான் என்ன செய்யட்டும்? அடுப்படிக்குக் கூட்டிட்டு வந்தேன். கதவைச் சாத்துனேன். உள்ளி உரிக்கிற பலகையில இவளை உக்கார வச்சு, அவ மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி நின்னு, பணியாரச் சட்டியில கரண்டியால தட்டிக்கிட்டே காலை உதறிக் காட்டுனேன். உதறித்தான் காட்டுனேன், ஆட்டம் கிடையாது. "அக்கா, ரெண்டா மூணா?"ன்னு கேட்டா. "நீயே எண்ணிக்கோ"ன்னேன். விரலை மடக்கி மடக்கி எண்ணுனா, சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துட்டு அவளுக்கு. நாலு வந்துச்சு.

இப்போ பேனாவைத் திறங்க. ஒரே சமையல். நல்லா அழுத்தி எழுதுங்க. ஏட்டி தங்கம், கோழியை விட்டுட்டு உள்ள வா, நேரமாச்சு. இன்னைக்கு மூணு தட்டு எடு, டீச்சரும் நம்மளோடதான் சாப்பிடுதாவ.